நான் அடைத்த அறுபதடி

தம்பி,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு உன் அம்மா அங்கேயே சரி சொல்லிவிட்டாள். கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, இரண்டு ரூம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது, பத்து நிமிடம் நடந்தால் மணல், முதலியார்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கமே வந்துவிடுங்கள் என்றாய். அன்றைக்கே எந்தப் பாத்திரத்தை எடுப்பது, எதை விடுவது என்று அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் பிடி கொடுக்காமல் "பாக்கலாம்" என்று சொல்லி ரிசீவரை அவள் கையில் கொடுத்தேன். அப்பாவுக்கு ஊரை விட்டு வர மனசில்லை என்று நீ நினைத்திருப்பாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த ஊர் மேல் எனக்கு அப்படி ஒன்றும் பெரிய பாசம் கிடையாது. ஆனால் உன் வீட்டில் உட்கார்ந்து உன் கையால் ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்னால், உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுத்து என்றால் நீ குறுக்கே பேச மாட்டாய்.

நீ இந்த வேலையை எடுத்த விதத்தை இன்றைக்கும் நம் தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள். தட்டாஞ்சாவடியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் நாலு வருடம் இருந்தாய். காற்றாலைக் கம்பெனியில் கூப்பிட்டபோது மூன்று இடம் சொன்னார்கள். சென்னையில் ஏசி ஆபீஸ், ஆரல்வாய்மொழி மலைப்பக்கம், அப்புறம் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரம். வேறு பிள்ளை என்றால் பதவி என்ன, பஸ் வசதி உண்டா என்று கேட்டிருப்பான். நீ லீவு போட்டுவிட்டுப் போய், மூன்று நாள் கடற்கரை கடற்கரையாக நடந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, தண்ணீருக்கு அடியில் மணலா பாறையா, கரையில் கல் கொட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாய். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ நேரம் பாக்கமாட்டான்" என்றாள் உன் அம்மா. எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா குடும்பத்துப் பையன்களைப் போல பிரான்சுக்குப் போகிறான் என்று சொன்னால் ஊர் தலையை ஆட்டியிருக்கும். காற்றுக்காகத் தூத்துக்குடி போகிறான் என்று நான் யாரிடம் சொல்ல? ஆனால் கல் கொட்டியிருக்கிறதா என்று பார்த்ததாக நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து சும்மா முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடலில் அலைமேல் ஓட்டுகிற உன் பட்டமும் பலகையும் கட்டிலுக்கு அடியில் பை பிரிக்காமல் கிடக்கின்றன என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நல்ல காற்று, நல்ல மணல் என்று தேடிப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நீ தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரியும். கூட்டாளி மரியதாசை அன்றைக்குத் தண்ணீரில் போகச் சொன்னது நான்தானே என்று நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். அந்த நினைப்பை உன் தலையில் ஏற்றியவன் நான். அதை இறக்கி வைக்க வேண்டியவனும் நான்தான்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கான்டிராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். கடல் கரையை அரிக்காமல் தடுக்க மலையிலிருந்து டிப்பரில் கருங்கல் வரும், அதை எந்த இடத்தில் கொட்ட வேண்டும், எந்த அளவு கல் அடியில், எந்த அளவு மேலே என்று டிராயிங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். இருபது வருடம் கடலுக்கு முகம் கொடுத்துக்கொண்டு நின்று சம்பாதித்தவன், ஒரு நாள்கூட முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. நம் ஆட்கள் பாகூர்ப் பக்கத்து நஞ்சையில் நின்றவர்கள். எங்களுக்கு ஏரித் தண்ணீர் தெரியும், வாய்க்கால் தண்ணீர் தெரியும். உப்புத் தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏதோ எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஆளைப் பற்றிப் பேசுவது போல அதட்டலாகவே பேசி வந்தேன். நீ சின்ன வயதில் அதைக் கேட்டு அப்பாவுக்குக் கடல் என்றால் பயமே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்திருக்கிறாய்.

சுனாமி வந்த காலையில் நீ குருசுக்குப்பத்தில் மரியதாஸ் வீட்டில் இருந்தாய். நான் பஜாரில் கறி வாங்கிக்கொண்டு நின்றேன். ஜனங்கள் செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள். நான் அவர்களுக்கு எதிராக ஓடினேன். மூன்று மணி நேரம் தேடினேன். ஒவ்வொரு முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கரையோரம் படுக்க வைத்திருந்தவர்களில் உன்னைப் போலவே சட்டை போட்ட ஒருவன் கிடந்தான். கிட்டே போய்ப் பார்க்கும் அந்தப் பத்தடியை நான் எப்படி நடந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ இல்லை. அந்தப் பிள்ளையும் யாரோ ஒருத்தர் பெற்றதுதான், ஆனால் நீ இல்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். நண்பகலுக்கு மேல், மரியதாஸின் அம்மாவை சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு நீயும் அவனும் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். உன்னை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அது கோபம் இல்லை என்று நீ புரிந்துகொண்டாயா என்று நான் கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் உதவி செய்ய வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் உங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் பட்டத்தைப் பழக்கினார். ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய பட்டத்தையும் பலகையையும் உங்களிடமே விட்டுவிட்டுப் போனார். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, நாலு கயிற்றில் அந்த ஆரஞ்சுத் துணி இழுக்க, பலகையில் நின்றுகொண்டு அலைமேல் ஓடுவதை முதல் தடவை கடற்கரைச் சாலையில் ஒளிந்து நின்றுதான் பார்த்தேன். துணி கிழிந்தபோது உன் அம்மா தையல் மிஷினில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். என்னிடம் சொல்லாமல்தான் கொடுத்தாள். மரியதாஸ் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, தண்ணீர் அவனுக்குப் பழக்கம். நீ அவனைவிட நன்றாக ஓட்டினாய் என்று அவனே சொல்லுவான். நீ தண்ணீரை விட்டு எழும்பி ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் இறங்கியபோது சாலையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பெருமை வரவில்லை, தம்பி. மறுபடியும் அந்தப் பத்தடியை நடக்க வேண்டி வரும் என்றுதான் தோன்றியது.

சுனாமியில் கரையில் கல் கொட்டியிருந்த பக்கம் சேதம் குறைவு என்பதால் குப்பத்தில் எல்லோருக்கும் கல் வேண்டும் என்றாகிவிட்டது. வேலை எங்கள் கான்டிராக்டருக்கு வந்தது. வடக்கே போகப் போக மணல் ஏற்கனவே கரைந்து போயிருந்தது. படகு ஏற்றி இறக்க ஒரு துண்டு மணல்தான் மிச்சம். அங்கேதான் நீங்களும் பட்டத்தை விரிப்பீர்கள், அங்கேதான் கரையேறுவீர்கள். கல் அந்தப் பக்கம் நெருங்கியபோது ஒரு நாள் நீ சைட்டுக்கே வந்தாய். "அப்பா, அந்த எடத்த மட்டும் வுட்டுடுப்பா. அறுபதடி போதும். காத்து கரைய பாத்து அடிக்கும்போது எறங்க வேற எடம் இல்ல" என்றாய். நான் டிராயிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "டிராயிங்ல எடவெளி இல்லடா. நான் என்னா பண்ணட்டும்" என்றேன்.

டிராயிங்கில் இடைவெளி இருந்தது. சரியாக அறுபதடி. படகு ஏற்றுவதற்கு என்று எழுதியே இருந்தது.

குப்பத்துப் பஞ்சாயத்துக்காரர்கள் நாலு பேர் என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களிடமும் இதையேதான் சொன்னேன். இங்கிலீஷில் கோடு கோடாகப் போட்டிருந்த காகிதத்தைப் பார்த்து அவர்கள் என்ன செய்வார்கள்? "நீங்க படிச்சவுங்க, நீங்க சொன்னா சரி சார்" என்றார்கள். ஆபீசில் என்ஜினியர் கேட்டபோது, குப்பத்து ஜனங்களே அடைத்துவிடச் சொல்கிறார்கள், வீட்டுக்குத் தண்ணீர் வருமோ என்று பயப்படுகிறார்கள் என்றேன். முன்வரிசை வீட்டுக்காரர்கள் சிலர் அப்படிப் பேசியதும் உண்மைதான், அது எனக்கு வசதியாகப் போயிற்று. இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். இரண்டு நாள் டிப்பர் ஓடியது. பொக்லைன் கல்லை அடுக்கி முடித்தபோது நான் ஒரு டீ குடித்தேன். மணல் இல்லாவிட்டால் பட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவாய், ஒழுங்காக வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் வீட்டில் இருப்பாய் என்பது என் கணக்கு. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். கட்டுமரக்காரர்கள் அதற்கப்புறம் அரை மைல் வடக்கே போய் இறங்கினார்கள். அவர்களுக்கு நான் செய்தது பற்றி அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நீங்களும் வடக்கே போனீர்கள். பட்டத்தை விடவில்லை. அடுத்த கார்த்திகையில் அது நடந்தது. அன்றைக்குக் காற்று வாடையாக அடித்தது, கடலிலிருந்து கரையைப் பார்த்து. உனக்குச் சளி, நீ கரையில் நின்று பட்டத்தைத் தூக்கிவிட்டாய். "காத்து நல்லாத்தான் இருக்கு, போடா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நீ எத்தனை தடவை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாய். நீரோட்டம் மரியதாசைத் தெற்கே இழுத்துவிட்டது. பழைய பழக்கத்தில் பழைய இடத்துக்கு நேராகத் திரும்பினான். பட்டம் விழுந்தது, கயிறு சுற்றிக்கொண்டது, அலை அவனைக் கொண்டுபோய் அந்த அறுபதடிக் கல் மேல் இரண்டு மூன்று தடவை அடித்தது. நீ கல் மேல் வெறுங்காலோடு ஓடிப்போய் இழுத்து எடுத்தாய். இடுப்பு எலும்பும் வலது முழங்காலும் போயிற்று. அங்கே மணல் இருந்திருந்தால் நாலு வாய் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருப்பான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "அந்த எடத்த மட்டும் வுட்டிருந்தா அவன் நடந்து வந்திருப்பான்ல்லப்பா" என்று கேட்டாய். நீ என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சும்மா ஆற்றாமையில் கேட்டாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. நான் பயந்துபோய், என் மேல் வந்த கல்லைத் தட்டிவிடுகிற மாதிரி, "நீ அவன போகச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். உன் முகம் அப்படியே இறுகிப் போயிற்று. அதற்கப்புறம் நீ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. டிராயிங்கைப் பற்றிப் பொய் சொன்னதைவிட, கல்லைக் கொட்டியதைவிட, அந்த வராந்தாவில் நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. மற்றது பயத்தில் செய்தது. இது என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைப் பிடித்துத் தள்ளியது.

இதை வைத்து உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும், அப்பன் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அது எதையாவது பிடித்துக்கொண்டு உனக்குப் புரியாத பக்கமாகப் போகும். உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. அழ வேண்டும் என்றால் அழு. நான் அன்றைக்கு சைட்டில், "எனக்கு பயமா இருக்குடா, நீ போகாத" என்று சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாயோ கேட்டிருக்க மாட்டாயோ, ஆனால் நமக்குள் ஒரு சண்டையோடு போயிருக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பதினாறு லோடு கல்லைக் கொட்டினேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் செய்த வேலை உன்னை நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இங்கே மணல் இருந்திருந்தால் நீ இந்த ஊரிலேயே ஒரு வேலை தேடியிருப்பாய் என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லுவாள். போன வியாழக்கிழமைதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலையில் போட்டுவிட்டு, "மொதல்ல அந்த மரியதாஸ் புள்ளகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன், உண்மையை உன் காதில் மட்டும் சொன்னால் போதாது. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். பஞ்சாயத்தில் பெரியவர் கையில் ஒரு நகல் கொடுத்து, நானே நின்று வாசித்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை. ஒருவர் மட்டும், "மூணு வருஷமா அரை மைலு கட்டுமரத்த இழுக்கறோம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் மரியதாஸிடம் போனேன். அவன் தெருமுனையில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான், உனக்குத் தெரியும். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்திருந்தான். இதற்கு மேலே நீ படித்த அத்தனையையும் அவன் மெதுவாகப் படித்தான். இரண்டு பேர் ரீசார்ஜ் பண்ண வந்தார்கள், நடுவில் அவர்களை அனுப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தான். நான் கடைக்கு வெளியே வெயிலில் நின்றேன். உட்காரச் சொன்னான், நான் உட்காரவில்லை.

படித்து முடித்து, மடித்து, என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"இத அவனுக்கு அனுப்பாதீங்கப்பா" என்றான்.

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நான் நினைத்தேன். அவனுக்கு அப்படிப்பட்ட மனசு. "எனக்காகப் பாக்காத தம்பி. என்னை அவன் என்னா வேணா சொல்லட்டும்" என்றேன்.

"உங்களுக்காகச் சொல்லல" என்றான். "என்கூட சுத்துனவனுங்க ஒருத்தனும் இப்ப இந்தக் கடைப்பக்கம் திரும்பறதில்ல. கடலுக்குப் போறவனுக்கு என்கிட்ட என்னா பேச்சு இருக்கு. இவன் ஒருத்தன்தான் வாராவாரம் ஞாயித்துக்கிழமை கூப்புடறான். தப்பு அவனுதுன்னு நெனச்சிக்கினு கூப்புடறான். அது எனக்குத் தெரியும். இல்லடான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு அவனுது இல்லன்னு தெரிஞ்சா, அப்புறம் அவன் ஏன்ப்பா கூப்புடப் போறான்?"

எனக்குத் திட்டு வேண்டியிருந்தது, அடி வேண்டியிருந்தது, அவன் இதைக் கொடுத்தான். ஒரு பிள்ளையின் காலை மட்டும்தான் எடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். அவன் கேட்டதைச் செய்துவிட்டால் எனக்கு நல்லது, அவனுக்கு நல்லது, நீ ஒருத்தன்தான் அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பாய். அதனால் அனுப்புகிறேன், அதை அவனிடமும் சொல்லிவிட்டேன். அவன் சொன்னதையும் கடைசியில் சேர்த்து எழுதிவிட்டேன். அப்படிச் சேர்த்தது மட்டும் அவனுக்குத் தெரியாது. அம்மாவைக் கூட்டிக்கொள், அவள் வருவாள். நான் வருவதா வேண்டாமா என்பதை நீ சொல்ல எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், சொல்லாமலே இருந்தாலும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவன் கடையில் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீ படித்துவிட்டாய் என்று அவனுக்குத் தெரியும்.

கூப்பிடு.